மஞ்சள் விளக்கு எரிகிறது! கார் சொல்லும் எண்ணுக்கு என்ன பொருள்?

கார் நன்றாக ஓடிக் கொண்டிருக்கிறது. பிரேக் பிடிக்கிறது. ஹாரன் அடிக்கிறது. ஏ.சி.யும் குளிர்ச்சி தருகிறது.

திடீர் என்று டிரைவரின் கண் எதிரே ஒரு சிறு மஞ்சள் விளக்கு எரிகிறது. அந்த விளக்கில் என்ஜின் படம் போட்டிருக்கிறது.

காரில் இருப்பவர்களுக்கு ஒன்றும் புரிவதில்லை. "வண்டி நின்று விடுமோ? பெரிய செலவு வைக்குமோ?" என்று பயம் வந்து விடுகிறது.

ஒர்க்ஷாப்புக்குப் போகிறார்கள். மெக்கானிக் ஒரு சிறிய கருவியைக் கொண்டு வந்து காரில் மாட்டுகிறார். அதற்கு "ஸ்கேனர்" என்று பெயர். ஒரு நிமிடத்தில் அதன் திரையில் ஓர் எழுத்தும் நான்கு எண்களும் தெரிகின்றன.

"பி 0171!"

இதற்குக் "கோளாறு எண்" என்று பெயர். "எரர் கோட்" என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள்.

எந்தச் சாமான் கெட்டுப் போயிற்று? அதை மாற்றினால் சரியாகி விடுமா?

இந்தக் கேள்விக்கு அந்த எண் பதில் சொல்லாது. பதில் சொல்லி விட்டதாக நினைத்துக் கொண்டு, நல்ல சாமானைக் கழற்றி எறிந்து விட்டுப் புதுச் சாமானுக்குப் பணம் கொடுப்பவர்கள் உண்டு. பணம் போகும். விளக்கு மட்டும் மறுபடியும் எரியும்!

அந்த எண் எதைச் சொல்கிறது? எதைச் சொல்லவில்லை?

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்து மக்கள் இதைச் சுலபமாகப் புரிந்து கொள்ளலாம். தீயைப் பற்றி அவர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியது இல்லை அல்லவா?

பட்டாசு மருந்தும் பெட்ரோலும்

பட்டாசுக்குள் இருப்பதைச் சிவகாசியில் "மருந்து" என்பார்கள். அந்த மருந்தில் முக்கியமாக இரண்டு வகைப் பொருள்கள் உண்டு.

ஒன்று, எரியும் பொருள். கரி, கந்தகம், அலுமினியப் பொடி ஆகியவை இந்த வகை.

மற்றொன்று, எரிவதற்கு ஆக்சிஜன் கொடுக்கும் பொருள். வெடியுப்பு இந்த வகை.

இரண்டும் சரியான அளவில் சேர வேண்டும். அளவு மாறினால் புஸ்வாணம் ஒழுங்காகப் பொங்காது.

கார் என்ஜினிலும் இதே கதைதான். அங்கே எரியும் பொருள் பெட்ரோல். ஆக்சிஜன் கொடுப்பது காற்று. 1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய, சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும்.

இந்த அளவைக் கவனித்துக் கொள்ள, காருக்குள் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. எவ்வளவு பெட்ரோல் ஊற்ற வேண்டும், எப்போது பொறி விட வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

ஆனால், கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாது. காது கிடையாது. "சென்சார்" என்னும் சிறு கருவிகள் சொல்வதை மட்டுமே அது நம்புகிறது.

புகைக்குழாயில் ஒரு சென்சார்

அந்தச் சென்சார்களில் முக்கியமானது ஆக்சிஜன் சென்சார். ஜெர்மனி நாட்டுப் பாஷ் கம்பெனி 1976-ம் ஆண்டு இதைத் தயாரிக்கத் தொடங்கியது.

இது என்ஜினுக்குள் இருப்பது இல்லை. என்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாயில் இருக்கிறது. புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை.

ஆக்சிஜன் மிச்சம் இருந்தால், "காற்று அதிகம், பெட்ரோல் குறைவு" என்று கம்ப்யூட்டர் எண்ணுகிறது. இதற்கு "லீன்" என்று பெயர். உடனே பெட்ரோலைக் கூட்டுகிறது.

ஆக்சிஜன் மிச்சம் இல்லை என்றால், "பெட்ரோல் அதிகம்" என்று எண்ணுகிறது. இதற்கு "ரிச்" என்று பெயர். உடனே பெட்ரோலைக் குறைக்கிறது.

இப்படிக் கூட்டுவதும் குறைப்பதும் நொடிக்கு நொடி நடக்கிறது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. எவ்வளவு கூட்டிப் பார்த்தும் "லீன்" மாறவில்லை என்றால், கம்ப்யூட்டர் கையை விரித்து விடுகிறது. மஞ்சள் விளக்கை எரிய விடுகிறது. "பி 0171" என்று தன் நினைவில் குறித்துக் கொள்கிறது.

அந்த எண்ணுக்கு அர்த்தம் இவ்வளவுதான்: "பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். அளவு சரிப்படவில்லை."

எது கெட்டுப் போயிற்று என்று அது சொல்லவில்லை!

காற்று போகும் ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கலாம். அதன் வழியே கணக்கில் வராத காற்று உள்ளே புகுந்திருக்கலாம். பெட்ரோல் பம்பு பலம் குறைந்திருக்கலாம். பெட்ரோல் பில்ட்டர் அடைத்திருக்கலாம். காற்றை அளக்கும் சென்சாரில் தூசி படிந்திருக்கலாம்.

சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் சிறு ஓட்டை விழுந்து, வெளிக்காற்று உள்ளே போயிருந்தாலும் இதே எண் வரலாம். அப்போது என்ஜினில் குற்றமே இல்லை!

"ஆக்சிஜன் சென்சார்தானே இதைச் சொன்னது? அதை மாற்றி விடுவோம்" என்று சிலர் மாற்றி விடுகிறார்கள். தீப்பிடித்ததைச் சொல்ல வந்தவனை அடித்து விரட்டின கதைதான் அது.

மூன்று எண்கள், ஒரே கோளாறு

சிவகாசியில் ஒரு வாடகைக் கார் என்று வைத்துக் கொள்வோம்.

"அண்ணாச்சி, ரெண்டு நாளா மஞ்ச லைட் எரியுது. வண்டி இழுக்க மாட்டேங்குது. ஒரு மாதிரி உதறுது" என்கிறார் டிரைவர்.

மெக்கானிக் ஸ்கேனரை மாட்டுகிறார். மூன்று எண்கள் வருகின்றன.

பி 0301: முதல் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. இதை "மிஸ்ஸிங்" என்பார்கள்.

பி 0171: காற்று அதிகம், பெட்ரோல் குறைவு.

பி 0420: புகையைச் சுத்தம் செய்யும் பெட்டி சரியாக வேலை செய்யவில்லை. இந்தப் பெட்டிக்குக் "கேட்டலிடிக் கன்வெர்ட்டர்" என்று பெயர்.

"மூணு எண் வந்திருக்கே அண்ணாச்சி! மூணு சாமானும் மாத்தணுமா?" டிரைவருக்கு வியர்க்கிறது.

வியர்க்காமல் என்ன செய்யும்? புகையைச் சுத்தம் செய்யும் பெட்டிக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலை உயர்ந்த உலோகங்கள் பூசப்பட்டுள்ளன. அதை மாற்ற வேண்டுமானால் பல ஆயிரம் ரூபாய் ஆகும்.

நல்ல மெக்கானிக் அவசரப்பட மாட்டார். மூன்று எண்களையும் எழுதி வைத்துக் கொண்டு, "எது முதலில்? எது அதனால் வந்தது?" என்று யோசிப்பார்.

முதல் சிலிண்டரில் பொறி சரியாக விழவில்லை. அதனால் அங்கே பெட்ரோலும் எரியவில்லை, காற்றும் செலவாகவில்லை. இரண்டும் அப்படியே புகைக்குழாய்க்குப் போகின்றன.

அங்கே இருக்கும் சென்சாருக்குப் பெட்ரோல் தெரியாது. ஆக்சிஜன் மட்டுமே தெரியும். "ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது!" என்று அது சொல்கிறது. கம்ப்யூட்டரும் ஏமாந்து, "லீன்" என்று முடிவு கட்டுகிறது. பெட்ரோல் குறைவு என்று எண்ணி, இன்னும் பெட்ரோலைக் கொட்டுகிறது!

எரியாத பெட்ரோல் எங்கே போகும்? புகையைச் சுத்தம் செய்யும் பெட்டிக்குள் போய் எரிகிறது. பெட்டி அளவுக்கு மீறிச் சூடாகிறது. அதன் வேலை கெடுகிறது. மூன்றாவது எண் வருகிறது.

எண்கள் மூன்று. மூலம் ஒன்று!

இடம் மாற்றிப் பார்த்தார்

பொறி ஏன் விழவில்லை? பிளக் கெட்டிருக்கலாம். பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் "காயில்" கெட்டிருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. பல கார்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித் தனிக் காயில் இருக்கிறது. அப்படிப்பட்ட காரில் இது செல்லும்.

மெக்கானிக் என்ஜினை நிறுத்துகிறார். "தம்பி, ஒண்ணாம் நம்பர் காயிலைக் கழட்டி மூணாம் நம்பர்ல போடு. மூணாம் நம்பரை ஒண்ணுல போடு" என்று உதவியாளரிடம் சொல்கிறார்.

பிறகு பழைய எண்களை அழித்து விட்டு, காரை ஓட்டிப் பார்க்கிறார். மறுபடியும் ஸ்கேனரை மாட்டுகிறார்.

இப்போது பி 0301 வரவில்லை. பி 0303 வருகிறது!

"பார்த்தியா? கோளாறு காயில் கூடவே மூணாம் நம்பருக்குப் போயிருச்சு. காயில்தான் கெட்டது. மத்ததைத் தொட வேண்டாம்."

ஒரே ஒரு காயிலை மாற்றினார்கள். உதறல் நின்றது. சில நாள் ஓட்டிய பிறகு பி 0420 திரும்பி வருகிறதா என்று பார்த்தால் போதும். வரவில்லை என்றால் பெட்டி பிழைத்தது. பல ஆயிரம் ரூபாயும் பிழைத்தது!

இடம் மாற்றிய பிறகும் பி 0301 அப்படியே வந்தால்? காயில் நல்லது என்று பொருள். அடுத்து பிளக்கைப் பார்க்க வேண்டும். பிறகு பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரைப் பார்க்க வேண்டும். அதற்கும் பிறகு சிலிண்டரின் கம்ப்ரஷனைப் பார்க்க வேண்டும்.

இப்படி ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்பதுதான் வைத்தியம். ஸ்கேனர் அந்த வைத்தியத்தின் தொடக்கம் மட்டுமே.

எழுத்தும் எண்ணும்

கோளாறு எண்ணில் முதலில் வருவது ஓர் ஆங்கில எழுத்து. "பி" என்ற ஓசையில் இரண்டு ஆங்கில எழுத்துகள் உண்டு. "பவர்" என்ற சொல்லின் முதல் எழுத்து வந்தால், என்ஜின், கியர் பற்றியது. "பாடி" என்ற சொல்லின் முதல் எழுத்து வந்தால், கதவு, ஏர்பேக், ஏ.சி. போன்றவை பற்றியது. (இந்தக் கட்டுரையில் வரும் "பி" எண்கள் எல்லாம் என்ஜின் பற்றியவை.)

"சி" வந்தால், பிரேக், ஸ்டியரிங் போன்றவை. "யூ" வந்தால், காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடு ஒன்று பேசிக் கொள்வதில் தடங்கல்.

அடுத்து வரும் எண் 0 ஆக இருந்தால், அது எல்லாக் கம்பெனிக் கார்களுக்கும் பொதுவானது. 1 ஆக இருந்தால், அந்தக் கம்பெனி தானே வைத்துக் கொண்ட எண். ஒரு கம்பெனிக் காரில் அதற்கு ஓர் அர்த்தம். இன்னொரு கம்பெனிக் காரில் வேறு அர்த்தம்! வேறு காரின் பட்டியலைப் பார்த்து அர்த்தம் சொன்னால், தவறான இடத்தில் தேட நேரும்.

மூன்றாவதாக வருவது, எந்தப் பகுதி என்று காட்டும். 1 என்றால் காற்று, பெட்ரோல் அளவு. 3 என்றால் பொறியும் மிஸ்ஸிங்கும். 4 என்றால் புகைக் கட்டுப்பாடு. 7 என்றால் கியர்.

"பேங்க் 1, சென்சார் 2" என்றும் சில சமயம் திரையில் வரும். இது பணம் போடும் பாங்கு அல்ல! "பேங்க்" என்றால் சிலிண்டர்கள் இருக்கும் வரிசை. முதல் சிலிண்டர் இருக்கும் வரிசை "பேங்க் 1". சென்சார் 1 என்பது சுத்தம் செய்யும் பெட்டிக்கு முன்னால் இருப்பது. சென்சார் 2 என்பது பின்னால் இருப்பது.

"சர்க்யூட்" என்ற சொல் வந்தாலும் கவனம் வேண்டும். உதாரணமாக, பி 0135 என்றால் ஆக்சிஜன் சென்சாரைச் சூடாக்கும் சர்க்யூட்டில் கோளாறு. சர்க்யூட் என்பதில் சென்சார் மட்டும் இல்லை. பியூஸ், ஒயர், இணைப்பு எல்லாமே அதில் அடக்கம். சிறிய பியூஸ் ஒன்று போயிருந்தாலும் இந்த எண் வரலாம்!

எலியும் பாட்டரியும்

சில சமயம் பத்துப் பதினைந்து எண்கள் ஒரே நேரத்தில் வந்து விடும். பிரேக் கோளாறு, ஸ்டியரிங் கோளாறு, கியர் கோளாறு என்று பட்டியல் நீளும். பார்ப்பவருக்குத் தலை சுற்றும்.

ஒரே நாளில் அத்தனையும் கெட்டுப் போகுமா? அபூர்வம். அப்போது முதலில் பார்க்க வேண்டியது பாட்டரி.

நல்ல பாட்டரியில், என்ஜின் ஓடாத போது சுமார் 12.6 வோல்ட் இருக்கும். என்ஜின் ஓடும் போது பொதுவாக 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கும். பாட்டரி பலவீனமாக இருந்தால், ஸ்டார்ட் செய்யும் போது மின்சாரம் படுத்து விடும். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தடுமாறித் தனக்குத் தோன்றியதைக் குறித்து வைக்கும்.

வெயில் கொளுத்தும் ஊர்களில் பாட்டரியின் ஆயுள் குறைவு. விருதுநகர் மாவட்டத்து வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

அடுத்தது எலி! நிறுத்தி வைத்த காரின் பானட்டுக்குள் எலியும் அணிலும் புகுந்து ஒயரைக் கடித்து விடுவது உண்டு. பானட்டைத் திறந்து கண்ணால் பார்த்தாலே இது தெரிந்து விடும். ஸ்கேனர் "சென்சாரிடம் இருந்து செய்தி வரவில்லை" என்று சொல்லும். "எலி கடித்தது" என்று சொல்லாது!

எரிவது வேறு, மினுக்குவது வேறு

இனி, உயிருக்கும் உடைமைக்கும் முக்கியமான ஒரு விஷயம்.

மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால், பெரும்பாலும் மெதுவாக ஓட்டி ஒர்க்ஷாப்புக்குப் போகலாம். ஓரிரு நாளுக்குள் காட்டி விட வேண்டும்.

விளக்கு விட்டு விட்டு மினுக்கினால், அது அபாய அறிவிப்பு. கடுமையான மிஸ்ஸிங் நடக்கிறது என்று பொருள். எரியாத பெட்ரோல் சுத்தம் செய்யும் பெட்டிக்குள் போய் எரிகிறது. சாதாரணமாகவே அந்தப் பெட்டி பல நூறு டிகிரி சூட்டில் வேலை செய்வது. மிஸ்ஸிங் கடுமையானால் அந்தச் சூடு 1,000 டிகிரியையும் தாண்டலாம்!

அந்தப் பெட்டி பல கார்களில் வண்டியின் அடியில் இருக்கிறது. அடியில் காய்ந்த புல் இருந்தால் தீப்பிடிக்கலாம்.

விருதுநகர் மாவட்டத்தில் சாலை ஓரம் எங்கும் கோடையில் காய்ந்த புல்லும் சீமைக் கருவேல் சருகும் கிடக்கும். சிவகாசி, வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கம் சாலைக்கு அப்பால் பட்டாசு ஆலைகள் இருக்கும். ஆலைக்குள் ஒரு சிறு பொறி விழுந்தால் எத்தனை குடும்பங்கள் கண்ணீர் விடும் என்பது அந்த ஊர் மக்களுக்குத் தெரியும்.

ஆகவே, விளக்கு மினுக்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். புல் இல்லாத, வெறும் தரையான இடமாகப் பார்த்து நிறுத்த வேண்டும். ஆலை, குடோன் அருகே நிறுத்தக் கூடாது. என்ஜினை அணைத்து விட்டு மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

சிவப்பு விளக்கு எரிந்தால் சோதித்துக் கொண்டிருக்க நேரம் இல்லை. ஆயில் விளக்கோ, என்ஜின் சூட்டு விளக்கோ சிவப்பாக எரிந்தால் உடனே ஓரமாக நிறுத்தி விட வேண்டும்.

லாரிக்கும் உண்டு

தீபாவளிக்கு முன் சிவகாசியில் இருந்து நாட்டின் பல பாகங்களுக்கும் லாரிகளில் பட்டாசு போகிறது. அந்த லாரிகளிலும் கம்ப்யூட்டர் இருக்கிறது.

2020-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் "பாரத் ஸ்டேஜ் 6" என்ற புகை விதி நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வந்த டீசல் வண்டிகளில் கரிப்புகையைப் பிடித்து வைக்கும் பில்ட்டர் இருக்கிறது. கரி நிறைந்தால், கம்ப்யூட்டர் புகையின் சூட்டைச் சுமார் 600 டிகிரி வரை ஏற்றி அந்தக் கரியை எரித்து விடுகிறது. அந்தச் சமயத்திலும் வண்டியைப் புல்லின் மேலோ, எரியும் பொருள் அருகிலோ நிறுத்தக் கூடாது.

கனரக லாரிகளின் கோளாறு எண் பெரும்பாலும் வேறு மாதிரி இருக்கும். "எஸ்.பி.என்.", "எஃப்.எம்.ஐ." என்று இரண்டு எண்கள் வரும். முதலாவது, எதில் கோளாறு என்று காட்டும். இரண்டாவது, எந்த விதமான கோளாறு என்று காட்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. "எஸ்.பி.என்." என்ற பெயரில் உள்ள முதல் எழுத்துக்கே "சந்தேகத்துக்கு உரியது" என்றுதான் பொருள்! சந்தேகப்பட வேண்டியதைக் காட்டுகிறேன், குற்றத்தை நீதான் நிரூபிக்க வேண்டும் என்று பெயரிலேயே சொல்லி விட்டார்கள்.

அமெரிக்காவில் பிறந்த எண்

இந்த எண்கள் எங்கே பிறந்தன தெரியுமா?

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைப் புகைமூட்டம் வாட்டிக் கொண்டிருந்தது. மக்களுக்குக் கண் எரிந்தது. கார்ப் புகையும் வெயிலும் சேர்ந்துதான் அந்தப் புகைமூட்டம் உண்டாகிறது என்று ஹாகன்-ஸ்மிட் என்ற ரசாயன விஞ்ஞானி 1950-களின் தொடக்கத்தில் எடுத்துக் காட்டினார்.

கார்ப் புகையைக் குறைக்க அந்நாட்டில் சட்டங்கள் வந்தன. புகைக் கருவி கெட்டுப் போனால் டிரைவருக்கு எப்படித் தெரியும்? காரே சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் விதி செய்தது. 1988-ம் ஆண்டு மாடல் கார்கள் முதல் அது நடைமுறைக்கு வந்தது. அப்போது கம்பெனிக்குக் கம்பெனி எண்ணும் வேறு, மாட்டும் இணைப்பும் வேறு.

1996-ம் ஆண்டு முதல் அமெரிக்கா முழுவதும் எல்லாக் கார்களுக்கும் ஒரே மாதிரி எண், ஒரே மாதிரி 16 முனை இணைப்பு என்று ஆயிற்று.

இந்தியாவில் 2010-ம் ஆண்டு ஏப்ரலில் இந்த ஏற்பாடு முதல் கட்டமாகக் கட்டாயம் ஆயிற்று. 2013-ம் ஆண்டு ஏப்ரலில் இரண்டாம் கட்டம் வந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தால், அந்த 16 முனை இணைப்பைப் பெரும்பாலான கார்களில் காணலாம்.

சில நூறு ரூபாய் விலையில் ஒரு சிறு கருவி வாங்கி அதில் மாட்டினால், செல்போனிலேயே எண்ணைப் பார்க்கலாம். ஆனால், எண்ணைப் பார்ப்பது வேறு. கோளாறைக் கண்டுபிடிப்பது வேறு.

இந்த எண்கள் புகையைக் கண்காணிக்கப் பிறந்தவை. அதனால்தான் மஞ்சள் விளக்கு எரிந்தும் கார் நன்றாகவே ஓடுவது உண்டு. விளக்கு எரியாமலே பிரேக் கட்டை தேய்ந்திருப்பதும் உண்டு!

அழித்தால் தீர்ந்ததா?

"எண்ணை அழித்து விட்டேன். விளக்கு அணைந்து விட்டது" என்று சிலர் மகிழ்ச்சி அடைகிறார்கள். பாட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினாலும் பல கார்களில் எண் அழிந்து விடும்.

அது, கணக்கு நோட்டைக் கிழித்து விட்டுக் கடன் தீர்ந்தது என்று சொல்வது போல!

பல கோளாறுகளுக்கு, ஒரு தடவை கண்டதும் விளக்கு எரியாது. அடுத்த ஓட்டத்திலும் கண்டால்தான் எரியும். ஆகவே, அழித்த மறு நாளோ, அதற்கு அடுத்த நாளோ விளக்கு மறுபடியும் வரும்.

அழிப்பதால் ஒரு நஷ்டமும் உண்டு. கோளாறு ஏற்பட்ட நேரத்தில் வேகம் என்ன, என்ஜின் சூடு என்ன, எவ்வளவு சுற்றில் ஓடியது என்பதைக் கம்ப்யூட்டர் ஒரு போட்டோ பிடித்தது போலப் பதிந்து வைக்கிறது. இதற்கு "ஃப்ரீஸ் ஃப்ரேம்" என்று பெயர். மெக்கானிக்குக்கு இது நல்ல சாட்சி. எண்ணை அழித்தால் இந்தச் சாட்சியும் அழிந்து விடும்!

உண்மையாகவே கோளாறு தீர்ந்து விட்டால், பல கார்களில் மூன்று தடவை நல்லபடி ஓடிய பிறகு விளக்கு தானே அணைந்து விடும்.

ஒர்க்ஷாப்பில் கேட்க வேண்டியவை

கார் வைத்திருப்பவர் மெக்கானிக் ஆக வேண்டியது இல்லை. ஆனால், ஐந்து கேள்விகள் கேட்கத் தெரிந்தால் பணம் மிச்சம்.

1. எந்த எண் வந்தது? எல்லா எண்களையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக் கொள்ள வேண்டும்.

2. அழிப்பதற்கு முன் "ஃப்ரீஸ் ஃப்ரேம்" விவரத்தைப் பார்த்தாயிற்றா?

3. பல எண்கள் இருந்தால், எது மூலம்? எது அதனால் வந்தது?

4. இந்தச் சாமான்தான் கெட்டது என்று எப்படிச் சோதித்துப் பார்த்தீர்கள்? இடம் மாற்றிப் பார்த்தீர்களா? அளந்து பார்த்தீர்களா?

5. பாட்டரி, பியூஸ், ஒயர், ஹோஸ் ஆகியவற்றைப் பார்த்து விட்டீர்களா?

நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். சந்தோஷமாகப் பதில் சொல்வார். பழைய சாமானையும் கையில் கொடுத்துக் காட்டுவார். சோதித்துப் பார்ப்பதற்கு நேரம் ஆகும். அந்த நேரத்துக்குக் கூலி கேட்டால் கொடுப்பதே நியாயம். தேவை இல்லாத சாமானுக்குக் கொடுப்பதைவிட அது எவ்வளவோ குறைவு!

டிரைவருக்கும் கடமை உண்டு. விளக்கு எப்போது எரிந்தது, மழையிலா, வெயிலிலா, மேட்டில் ஏறும் போதா, பெட்ரோல் போட்ட உடனேயா என்று நினைவு வைத்துச் சொல்ல வேண்டும். ஸ்கேனருக்குத் தெரியாததும் இதில் தெரிந்து விடும்.

தீக்குச்சி ஈரமானால் அது எரியாது. அப்போது யாரும் பெட்டியைத் தூக்கி எறிவது இல்லை. குச்சி ஈரமா, பெட்டியின் உரசும் பக்கம் தேய்ந்ததா என்று பார்க்கிறார்கள். கார் விஷயத்திலும் அவ்வளவுதான்.

மஞ்சள் விளக்கு எரிந்தால் பயப்பட வேண்டாம். அலட்சியமும் வேண்டாம். எண்ணை எழுதிக் கொள்ளுங்கள். காரணத்தைக் கேளுங்கள். சோதித்த பிறகு பணம் கொடுங்கள்!